காற்றுக் காலத்திற்கு முன்பே காத்துக்கொள்வோம்!

ஆனி பிறந்துவிட்டால் போதும். செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்துவரும் தென்மேற்குக் காற்று தென்காசி வட்டாரம் முழுவதையும் உலுக்கத் தொடங்கிவிடுகிறது. குற்றாலத்தில் அது சாரலாகத் தூவுகிறது. மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று அருவியில் நீராடி மகிழ்கின்றனர். அதே காற்று மலையை விட்டு விலகிச் சங்கரன்கோவிலை எட்டும்போது தன் ஈரத்தைப் பெரிதும் இழந்துவிடுகிறது. வறண்ட நிலத்தின் புழுதியை வாரிக்கொண்டு வீதிகளில் சுழன்றடிக்கிறது. ஆடித்தபசுக்கு ஊர் திரளும் நாட்களில் எத்தனையோ இல்லங்களில் ஒருவர் தலையணையில் சாய முடியாமல் இரவு முழுவதும் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். 'காற்றுக் காலம் வந்துவிட்டது. இவனுக்கு இளைப்பும் வந்துவிட்டது' என்று வீட்டார் பெருமூச்சு விடுவர்.

அன்பு வாசகர்களே! காற்றை நம்மால் தடுக்க இயலாது. ஆனால், காற்று வரும் காலத்தை நாம் அறிவோம். வருவது தெரிந்தும் ஆயத்தமாகாமல் இருப்பதுதான் பெருந்தவறு. ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவைப் பொறுத்தவரை, மூச்சு நன்றாக இருக்கும் நாட்களில் நாம் செய்வதே மூச்சு முட்டும் நாட்களில் நம்மைக் காப்பாற்றுகிறது.

நோயின் இயல்பு

நம் நுரையீரலுக்குள் காற்றை எடுத்துச் செல்லும் குழாய்கள் மரக்கிளைகளைப் போலப் பிரிந்து செல்கின்றன. ஒவ்வாமை உள்ளவரின் உடல், தீங்கற்ற தூசியையும் மகரந்தத்தையும் பகைவனாக எண்ணிப் போர் தொடுக்கிறது. அதன் விளைவாக மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது; சளி சுரக்கிறது; குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. வழி குறுகியபின் காற்றை வெளியே விடுவதே கடினமாகிறது. அப்போது எழும் சீழ்க்கை ஒலியைத்தான் நாம் இளைப்பு என்கிறோம்.

இங்கே ஓர் உண்மையை நன்கு மனத்தில் இருத்த வேண்டும். இளைப்பு நின்றுவிட்டாலும் உட்சுவரின் அழற்சி நின்றுவிடுவதில்லை. சாம்பல் மூடிய நெருப்பைப் போல அது உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அடுத்த புழுதிக் காற்றோ, ஒரு சாதாரண ஜலதோஷமோ அதை மீண்டும் மூட்டிவிடும்.

முன்னோர் கண்ட உண்மை

பருவத்திற்கும் நோய்க்கும் உள்ள உறவு புதிய கண்டுபிடிப்பு அன்று. ரய் நகரத்து மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைக் குறித்து எழுதினார். அறிஞர் அபூஸைத் அல்பல்கீக்கு வசந்த காலத்தில் ரோஜா மலரை முகர்ந்ததும் மூக்கொழுகுவது ஏன் என்பதை விளக்க அவர் தனியே ஒரு கட்டுரை வரைந்துள்ளார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் வாழ்ந்த யூத மருத்துவர் மூஸா இப்னு மைமூன், மழைக்காலத்தில் ஜலதோஷத்தோடு தொடங்கி மூச்சுத்திணறலில் முடியும் நோயால் வருந்திய ஒரு பிரபுவுக்காக அரபு மொழியில் ஒரு நூலே எழுதினார். அந்நூலில் அவர் மந்திர மருந்து எதையும் வாக்களிக்கவில்லை. தூய காற்று, அளவான உணவு, ஒழுங்கான வாழ்க்கை, நோயாளியின் இயல்பறிந்த மருத்துவம் ஆகியவற்றையே வலியுறுத்தினார்.

பருவந்தோறும் ஒரு பகை

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வாழ்வோர் ஆண்டை நான்காகப் பிரித்து எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள் காற்றும் புழுதியும் மிகுந்தவை. புல்வகைகள், சீமைக்கருவேல், பார்த்தீனியம் ஆகியவற்றின் மகரந்தம் ஒவ்வாமை உண்டாக்குவதை நம் நாட்டு மருத்துவர்கள் கண்டறிந்துள்ளனர். இவ்வூரின் புகழ்பெற்ற மல்லிகையின் மீது பலர் பழி சுமத்துவதுண்டு. மல்லிகையின் நறுமணம் சிலருடைய மூச்சுக்குழாயை உறுத்தலாம். எனினும், கண்ணுக்குப் புலப்படாமல் காற்றில் மிதந்துவரும் மகரந்தமே பெரும்பாலும் பெரிய பகைவன்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. சுவர்கள் ஈரம் கோத்துப் பூஞ்சணம் படர்கிறது, துணிகள் காய்வதில்லை. இடியும் மழையும் சேர்ந்து வரும் நாளையும் எளிதாக எண்ணிவிட வேண்டாம். 2016ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் வீசிய இடிமழைக் காற்று, புல்லின் மகரந்தத்தை நுண்துகள்களாகச் சிதறடித்தது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினர். பத்துப் பேர் உயிரிழந்தனர். அதுவரை மூக்கொழுகலும் தும்மலும் மட்டுமே இருந்தவர்கள் பலரும் அன்று பாதிக்கப்பட்டனர்.

மார்கழி, தை மாதங்களின் பனியும் அதிகாலைக் குளிரும் குப்பை எரிக்கும் புகையைத் தரையோடு தங்க வைக்கின்றன. ஜலதோஷம் பரவுவதும் இப்பருவத்தில்தான். பங்குனி, சித்திரையின் வெயிலில் புழுதி எழுகிறது. வீடுகளை வெள்ளையடித்துப் பரண்களைத் தூய்மை செய்வோரும் உண்டு. பழந்தூசி கிளம்பும் அந்த வேலையை இளைப்பு உள்ளவரிடம் ஒப்படைக்காதீர்கள்.

இவை தவிர, பருவம் பார்க்காத பகை ஒன்றும் இவ்வூரில் உண்டு. விசைத்தறிக் கூடங்களில் பறக்கும் பஞ்சுத்தூசுதான் அது. வேலை நாட்களில் நெஞ்சு இறுகி, விடுமுறையில் தேறி, மீண்டும் தறிக்குத் திரும்பியதும் துன்பம் தொடங்குமாயின் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். வீட்டோடு சேர்ந்த தறி என்றால் குழந்தைகள் உறங்கும் அறையைத் தறியிலிருந்து விலக்கி வையுங்கள். தூசியை விளக்குமாற்றால் பெருக்கிக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

இல்லத்தின் உள்ளே

வீதித் தூசியைவிட வீட்டுத் தூசி கொடியது என்றால் வியப்படைவீர்கள். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. வீட்டுத் தூசியின் ஒவ்வாமைக்கு இதுவே முக்கியக் காரணம் என்பதை நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் 1960களில் நிறுவினர். ஈரப்பதம் மிகுந்தால் இது பல்கிப் பெருகும்.

ஆகவே, மழைக்காலம் தொடங்குமுன் இலவம்பஞ்சுத் தலையணைகளை நல்ல வெயிலில் காய வையுங்கள். படுக்கை விரிப்புகளையும் உறைகளையும் வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் அலசுங்கள். நோயாளியின் அறையில் கம்பளம், பழைய துணிமூட்டை, புத்தக அடுக்கு வேண்டாம். கரப்பான் பூச்சியின் கழிவும் ஒவ்வாமை தரும் என்பதால் இரவில் உணவுப் பாத்திரங்களை மூடி வையுங்கள்.

கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி ஆகியவற்றின் நறுமணமும் நுரையீரலுக்குப் புகையே. விருந்தினர் வருகிறார்கள் என்று சாம்பிராணி போடும்போது உள்ளறையில் இளைக்கும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டிற்குள் புகைபிடிக்கும் தந்தைமார்களுக்கு இதைவிட வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்தின் மீது ஏன் அச்சம்?

'இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது. அது கடைசிக் கட்ட மருந்து' என்னும் தவறான எண்ணம் நம் குடும்பங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது, ஒரு மாத்திரையில் இருப்பது நாற்பது முறை அழுத்தினால் கிடைக்கும் அளவு! மாத்திரை உடல் முழுவதும் சுற்றி நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. இன்ஹேலரோ தேவையான இடத்திற்குச் சிறிதளவே கொண்டு சேர்க்கிறது.

இன்ஹேலர்களில் இரு வகை உண்டு. ஒன்று, இறுகிய தசையை உடனே தளர்த்தும் நிவாரணி. மற்றொன்று, உள்ளே கனலும் அழற்சியை நாள்தோறும் தணிக்கும் தடுப்பு மருந்து. பியூடெசோனைடு, பெக்லோமெத்தசோன் போன்றவை இரண்டாம் வகையைச் சார்ந்தவை. நம்மவரில் பலர் நிவாரணியை மட்டுமே வாங்கி வைத்துக்கொண்டு, அடிக்கடி அழுத்தி ஆறுதல் அடைகின்றனர். இது நெருப்பை அணைக்காமல் புகையை மட்டும் விசிறுவதற்கு ஒப்பாகும். ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதல் 2019ஆம் ஆண்டு முதல் நிவாரணியை மட்டும் தனியே நம்பியிருப்பதைப் பரிந்துரைப்பதில்லை; அழற்சி தணிக்கும் மருந்தும் சேர வேண்டும் என்கிறது. அதே 2019இல் உலகில் 26 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயால் வருந்தினர். சுமார் 4,55,000 பேர் மாண்டனர். முறையான மருந்து இருந்தும் நேர்ந்த மரணங்கள் இவற்றில் எத்தனையோ!

எனவே, ஆண்டுதோறும் ஆனியில் இளைப்பு வருபவர் வைகாசியிலேயே மருத்துவரைக் காண வேண்டும். தடுப்பு மருந்தின் அளவை அவரே முடிவு செய்வார். நலமாக இருக்கிறது என்று நாமே நிறுத்திவிடலாகாது. மருந்தை உறிஞ்சும் முறையையும் அவர் முன் செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். குப்பியை நன்கு குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக ஆழ்ந்து இழுத்து, பத்து வினாடிகள் அடக்கி, பின்னர் விட வேண்டும். தடுப்பு மருந்துக்குப் பின் வாய் கொப்பளிக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஸ்பேசர் எனும் இடைக்குழல் தேவை. அது கிடைக்காத அவசரத்தில் அரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் இன்ஹேலர் வாய் பொருந்தும்படி துளையிட்டு இடைவெளியை அடைத்துப் பயன்படுத்தலாம். 1999இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு இதன் பயனை மெய்ப்பித்தது.

மிருகசீரிட நாளில் ஐதராபாத்தில் உயிர்மீனுக்குள் வைத்துத் தரும் மருந்தைத் தேடிச் செல்வோர் உண்டு. அது நோயைத் தீர்ப்பதற்கு அறிவியல் சான்று இல்லை. பெயரற்ற பொடிகளில் ஸ்டீராய்டு மருந்து அளவின்றிக் கலந்திருக்கக்கூடும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

நோன்பு நாட்களில்

ரமலான் மாதம் ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாட்கள் முன்னதாக வருவதால் எல்லாப் பருவங்களையும் அது சந்திக்கிறது. நோன்பிருக்கையில் இன்ஹேலர் பயன்படுத்துவது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். நாளுக்கு இருவேளை எடுக்கும் தடுப்பு மருந்தை ஸஹரிலும் இஃப்தாரிலும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஆனால், மூச்சுத் திணறும்போது நிவாரணியை மறுத்து உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். நோயாளி நோன்பை விட்டு வேறு நாட்களில் நோற்க மார்க்கம் இடமளித்திருக்கிறது. அந்தச் சலுகையை ஏற்பது குறைபாடு அன்று.

மறைப்பதால் வரும் கேடு

பெண்ணுக்கு இளைப்பு உண்டு என்று தெரிந்தால் மணம் கூடாது என அஞ்சி, உம்மாமார்கள் அதை மறைக்கின்றனர். மணமாகிச் சென்ற பெண் புகுந்த வீட்டில் இன்ஹேலரை அலமாரியின் துணிகளுக்கடியில் ஒளித்து வைக்கிறாள். மாமியார் முன் எடுக்க நாணி, நாளடைவில் விட்டுவிடுகிறாள். கருவுற்றபின் 'பிள்ளைக்கு ஆகாது' என்ற சொல் வேறு சேர்ந்துகொள்கிறது. உண்மை என்னவென்றால், கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவே தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. மருத்துவர் தந்த இன்ஹேலரைப் பேறுகாலத்தில் நிறுத்தக் கூடாது. மூக்குக் கண்ணாடி அணிவதை மறைக்காத நாம் இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? மருமகளின் மருந்தை மறவாமல் எடுத்துத் தரும் மாமியாரே அவளுக்கு இன்னொரு தாய்.

உடனே செயல்பட வேண்டிய வேளை

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை, விலா எலும்புகளுக்கிடையே தசை உள்வாங்குதல், உதடு நீலம் பாய்தல், மயக்கம், நிவாரணிக்கும் அடங்காத இளைப்பு ஆகியவை அபாயக் குறிகள். நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வையுங்கள். இடைக்குழல் வழியே நிவாரணியை ஒவ்வொரு முறையாக நான்கு முறை கொடுத்து, நான்கு நிமிடம் பாருங்கள். தணியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். 108ஐ அழைப்பதில் தாமதம் கூடாது. அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு முதலில் செல்லுங்கள். 50 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள திருநெல்வேலிக்கே நேராகப் போவோம் என்று வழியில் உயிரை இழக்க வேண்டாம்.

வாசகர்களே! இன்றே ஒரு தாளை எடுங்கள். எந்த மாதத்தில், எந்தப் பொருளால், எந்த நேரத்தில் இளைப்பு வந்தது என்று குறித்து வையுங்கள். நாள்தோறும் எடுக்க வேண்டிய மருந்தையும் அவசரத்தில் செய்ய வேண்டியதையும் மருத்துவரிடம் கேட்டு அதே தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளை படிக்கும் பள்ளியின் ஆசிரியரிடமும் ஒரு படி கொடுங்கள். கணவாய்க் காற்று அடுத்த ஆனியிலும் தவறாமல் வரும். அது வரும்போது நம் இல்லத்துப் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சுக்குப் போராடாமல், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வீதியில் பட்டம் விட வேண்டும். இறைவன் நாடினால் அது நடக்கும். அதற்கான முயற்சி நம் கையில் இருக்கிறது.