வெயில் விளையும் நிலம் – 7: ஓரண் யாருக்குச் சொந்தம்?

ராஜஸ்தானின் பட்லா சூரிய மின்பூங்காவைச் சென்ற வாரம் பார்த்தோம். ஏறத்தாழ 14,000 ஏக்கரில் 2,245 மெகாவாட். அது நாட்டுக்குக் கிடைத்த பெரிய கொடை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நிலக்கரிப் புகை அடங்க வேண்டுமென்றால் அந்த வெயில் நமக்கு வேண்டும். ஆனால் அங்கிருந்து ஜெய்சல்மேர் பக்கம் போனால் வேறொரு கேள்வி வந்து நிற்கிறது. தகடு பதிக்கிறார்களே, அந்த நிலத்தில் இதற்கு முன் யார் இருந்தார்கள்?

தார்ப் பாலைவன ஊர்களில் ஓரண் என்று ஒரு நிலம் உண்டு. ஊர்த் தெய்வத்தின் பெயரால், அல்லது ஊருக்காக உயிர்விட்ட வீரனின் பெயரால் விட்டுவைத்த காடும் புல்வெளியும் அது. நம் ஊர் ஐயனார் கோயில் காடு மாதிரி. உள்ளே கோடாரி படக்கூடாது, ஏர் பூட்டக்கூடாது. ஆடும் மாடும் ஒட்டகமும் மேயலாம். சேவண் புல் அங்கே தழைக்கும். நாம் வன்னி என்று வணங்கும் மரம் அங்கே கேஜ்ரி. ஆண்டுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் மழை பெய்யும் சீமையில், பெய்ததைக் குளத்துக்குக் கொண்டுசேர்ப்பதும் ஓரண்தான். 1730-இல் கேஜர்லி ஊரில் இந்த மரங்களை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து அமிர்தா தேவியும் பிஷ்னோய் மக்களுமாக 363 பேர் உயிர் கொடுத்தார்கள். அந்த மக்களிடம் போய் இது வெறும் மணல் என்று சொன்னால் ஏற்பார்களா?

ஆனால் அரசுப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. ஓரண்கள் பலவற்றுக்கு யார் பெயரிலும் பட்டா இல்லை. வரி வராத நிலம் என்பதால் அரசுத் தரிசு என்று எழுதிவைத்துவிட்டார்கள். சூரிய மின் நிறுவனம் நிலம் கேட்டு வந்தால், பேரம் பேசாமல், இழப்பீடு தராமல் எடுத்துக் கொடுக்கச் சுலபமானது இதுதான். ஜெய்சல்மேர் மாவட்டத்துத் தேக்ராய் மாதா ஓரண், பிகா என்ற அந்தப் பக்கத்து நில அளவில் 60,000 என்பது ஊரார் கணக்கு. அதில் ஒரு பகுதிதான் கோயில் நிலமாகப் பதிவாகியிருக்கிறது. மிச்சத்தையும் ஓரணாகவே பதியுங்கள் என்று கேட்டு, அந்த மக்கள் ஊர் ஊராக நடைப்பயணம் போயிருக்கிறார்கள்.

மின்சாரம் விளைந்தால் போதாது, அதைக் கடத்த வேண்டும். கோபுரமும் கம்பியும் வந்த இடத்தில்தான் கானமயில் மாட்டிக்கொண்டது. ஒரு காலத்தில் தமிழ்நாடு வரை இருந்த பறவை. இன்று நாட்டில் மிஞ்சியிருப்பவை 150 அளவில். பெரும்பாலானவை ஜெய்சல்மேரைச் சுற்றியே. ஒரு மீட்டர் உயரம், 15 கிலோ வரை எடை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறைவு. கம்பி கண்ணில் பட்டாலும் அத்தனை கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, தாரில் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும் மின்கம்பிகளால் ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் சாகின்றன. கானமயில்கள் ஆண்டுக்கு 18 சாகக்கூடும். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் பறவை இந்த இழப்பை எப்படித் தாங்கும்?

இது வழக்காகி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கானமயில் உலவும் பகுதிகளில் தாழ்வழுத்தக் கம்பிகளை மண்ணுக்குள் புதையுங்கள், உயரழுத்தக் கம்பிகளையும் முடிந்த இடத்தில் புதையுங்கள் என்று 2021 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அந்தப் பரப்பு ஏறக்குறைய 99,000 சதுர கிலோமீட்டர். உயரழுத்தக் கம்பியை அவ்வளவு தூரம் புதைக்கத் தொழில்நுட்பம் இடம் கொடுக்காது, சூரிய மின்சார இலக்கே நின்றுபோகும் என்று மத்திய அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் முழுப் பரப்புக்குமான அந்த உத்தரவை விலக்கி, நிபுணர் குழு அமைத்தது. காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவதும் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று சொன்னதும் இதே தீர்ப்புதான். 2025 டிசம்பரில் குழுவின் பரிந்துரையை ஏற்று, ராஜஸ்தானில் சுமார் 14,000 சதுர கிலோமீட்டர் பரப்பு முதன்மைக் காப்புப் பகுதியாக வரையறுக்கப்பட்டது. எனக்கு இதில் ஓரளவு நிறைவுதான். எங்கே கூடாது என்று ஒரு கோடாவது விழுந்திருக்கிறது. அந்தக் கோடு முதல் கோபுரம் நடும் முன்பே விழுந்திருக்க வேண்டும்.

ஓரண்களுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. நீலகிரிக் கூடலூரில் மரம் வெட்டுவதை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இன்னும் முடியவில்லை. அதே வழக்கில் 2024 டிசம்பர் 18 அன்று, ராஜஸ்தானின் ஓரண்களை ஒவ்வொன்றாக அளந்து, வரைபடமிட்டு, காடாக அறிவிக்கும்படி உத்தரவு வந்தது. தமிழ்நாட்டு மரங்களுக்காக எழுந்த வழக்கு பாலைவனத்து வன்னிக்கும் நிழலாகியிருக்கிறது.

முன்கூட்டி வரைபடம் போடுவது ஆகாத காரியமில்லை. கலிபோர்னியாப் பாலைவனத்தில் 1 கோடியே 8 லட்சம் ஏக்கர் கூட்டாட்சி அரசு நிலத்துக்கு 2016-இல் ஒரே திட்டம் தீட்டினார்கள். அதில் மின் திட்டங்களுக்கென ஒதுக்கியது சுமார் 3,88,000 ஏக்கர். ஆமைக்கும் ஆட்டுக்கும் பெருநிலப்பரப்பை முதலிலேயே பிரித்துவைத்தார்கள். இங்கே என்ன நிலைமை? 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலிருந்து சூரியத் தகடுத் திட்டங்களுக்கு முழு விலக்கு. ஆயிரம் ஏக்கரில் வந்தாலும் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்கக் கட்டாயமில்லை. கூரைமேல் வைக்கும் சிறிய தகட்டுக்கு அந்த விலக்கு நியாயம். பொது நிலத்தில் எழும் பெரும்பூங்காவுக்கு அது நியாயமே இல்லை. உடனே நீக்க வேண்டும்.

நம் பக்கமும் மேய்க்கால் புறம்போக்கும் ஏரிப் புறம்போக்கும் உண்டு. உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கும். ஊர்ப் பொது நிலம் அதில் எந்தப் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். தவறாக இருந்தால், கிராம சபையில் எழுந்து சொல்லுங்கள்.

(தொடரும்)