கணக்குப் பிழையை மூடி மறைக்கலாமா?

தவணைக் கடனை எழுதி வைத்துக் கொள்ளுமாறு திருமறையின் அல்பகரா அத்தியாயம் 282ஆம் வசனம் கட்டளையிடுகின்றது. பேரேட்டில் எழுதிய கணக்கு இன்று கணிப்பொறிக்கு மாறிவிட்டது. ஆயினும், அது அமானிதம் என்னும் நிலை மாறிவிடவில்லை.

500 குடும்பங்கள் வாழும் ஒரு மஹல்லாவை எடுத்துக்கொள்வோம். மாதச் சந்தாவைக் குடும்பத்திற்கு ஒரு வரிசையாக எக்ஸெல் தாளில் பதிகின்றனர். அவற்றைத் தொகுத்துக் கூட்ட ‘மேக்ரோ’ எனும் கட்டளைத் தொகுப்பு ஒன்றும் எழுதப்பட்டுள்ளது. ஐந்தாண்டுகள் பழுதின்றி இயங்கிய அது, ஆறாம் ஆண்டின் நடுவே ஒருநாள் ‘ரன் டைம் எரர் 6: ஓவர்ஃப்ளோ’ என அறிவித்து நின்றுவிடுகின்றது.

காரணம் யாது? ஆண்டுக்கு 6,000 பதிவுகள் வீதம் சேர்ந்து, ஆறாம் மாதத்தில் அவை 33,000 ஆகிவிட்டன. வரிசை எண்ணை ஏந்தும் நினைவுப் பெட்டியை, மேக்ரோவை எழுதியவர் ‘இன்டிஜர்’ என அறிவித்திருந்தார். 32,767க்கு மேற்பட்ட எண்ணை அது ஏற்காது.

இந்நிலையில் முதற்கண் கோப்பிற்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் ‘டீபக்’ என்பதை அழுத்தினால், தடைப்பட்ட கட்டளை வரி மஞ்சள் நிறத்தில் தோன்றும். ‘இன்டிஜர்’ என்பதை ‘லாங்’ என மாற்றினால், 214 கோடிக்கு மேற்பட்ட எண்ணையும் அது தாங்கும். பிழையின் இடம் புலப்படாவிடில், தொடக்கத்திலிருந்து எஃப்8 விசையை அழுத்தி ஒவ்வொரு வரியாக இயக்கிப் பார்க்கலாம்.

ஆனால் அவசரக்காரர் சிலர் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்றொரு வரியைச் சேர்த்துவிடுகின்றனர். பிழை நேரினும் பொருட்படுத்தாது அடுத்த வரிக்குச் செல் என்பது அதன் பொருள். மேக்ரோ நிற்காது, ஆனால் கணக்கில் விடுபட்டது எதுவென்றும் தெரியாது! இன்ன பிழை வரும் என்று அறிந்து வல்லுநர் கையாள வேண்டிய கட்டளை அது. அறியாத பிழையை மறைக்கும் திரையன்று.

ஓசையின்றி விடுபடுவதன் தீங்கை 2020இல் இங்கிலாந்து கண்டது. கொரோனா பரிசோதனை முடிவுகளைத் தொகுக்கப் பயன்பட்ட பழைய எக்ஸெல் கோப்பு வடிவம் 65,536 வரிசைகளையே கொள்ளும். மிகுந்தவை விடுபட்டன. இதனால் 15,841 தொற்றாளர்களின் விவரம் உரிய நாளில் கணக்கில் சேரவில்லை. அவர்களுடன் பழகியவர்களை எச்சரிப்பதும் தாமதமாயிற்று.

எனவே பிழையறிவிப்பைக் கண்டு சினம் கொள்ள வேண்டாம். தவறு செய்ய இருந்த நம்மைத் தடுத்து நிறுத்திய நண்பன் அது. திருத்திய பின்னரும் பதிவுகளின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் ரசீதுப் புத்தக அடிக்கட்டைகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது பொறுப்பாளர் கடமையாகும். ஏழையின் பங்கும் விதவையின் உதவித் தொகையும் அக்கணக்கினுள் அடங்கியுள்ளன அல்லவா?

அமானிதத்தைப் பேணி வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக!