வைத்தியர் முன் வயோதிகர்

வயது முதிர்ந்த ஒருவர் காலை முழுவதும் காத்திருந்து வைத்தியர் அறைக்குள் நுழைந்தால், அங்கே அவருக்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு? 67 தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2017-ம் ஆண்டில் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகை ஒன்று வெளியிட்ட கட்டுரையில், இந்தியாவில் அது சுமார் இரண்டு நிமிஷம் என்றும், ஸ்வீடனில் 22 நிமிஷத்துக்கு மேல் என்றும் கண்டிருக்கிறது. இரண்டு நிமிஷத்தில் பெரியவர் எதைச் சொல்வார், எதைக் கேட்பார்? மூட்டு வலியைச் சொல்லி முடிப்பதற்குள் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. பாதம் வீங்குவதைச் சொல்ல மறந்தது பஸ் ஏறிய பிறகே நினைவுக்கு வருகிறது.

இந்நிலையில், கைபேசியில் உரையாடும் செயற்கை நுண்ணறிவை முதியோர் நாடத் தொடங்கியிருப்பதில் வியப்பொன்றுமில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. இன்று இவ்வகை யந்திரங்களிடம் தமிழிலேயே வினவலாம். எழுத இயலாதவர் வாயாலும் கேட்கலாம். இதை வீண் விளையாட்டென்று தள்ளுவோர் உளர். நாம் அக்கட்சியைச் சேர்ந்தவரல்லோம்.

மருந்துச் சீட்டில் ‘1-0-1’ என்றிருந்தால், காலையும் இரவும் உண்க, பகலில் வேண்டா என்பது பொருள். ‘எஸ்.ஓ.எஸ்.’ என்பதைக் கண்டு அபாயமென அஞ்ச வேண்டுவதில்லை. தேவையானபோது மட்டும் உண்க என்பதே அது. பரிசோதனைத் தாளில் ‘நெகடிவ்’ என்று கண்டு கலங்குவோர் பலர்; தேடிய நோய்க்குறி அகப்படவில்லை என்ற நற்செய்தியன்றோ அது! இவற்றையெல்லாம் யந்திரம் பத்தாம் முறை கேட்டாலும் சலியாமல் சொல்லுகிறது. வீட்டிலுள்ள பிள்ளைகள் அவ்வளவு பொறுமை காட்டுவார்களா என்பது ஐயமே.

இதனினும் பெரிய பிரயோஜனம் வைத்தியரிடம் போகுமுன் கிடைப்பது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் உண்போர் சிலருக்குக் கால் வீங்குவதுண்டு; அதை மூப்பின் குறையென்று எண்ணி வாய் திறவாதிருப்பவர் உண்டு. கடையில் தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றவும் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் கூடும். அதை வைத்தியரிடம் சொல்லாதாரும் உண்டு. முந்தின நாள் மாலை தம் உபாதைகளையும் உண்ணும் மருந்துகளையும் யந்திரத்திடம் ஒழுங்காகச் சொல்லி, ‘முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை?’ என்று வினவி, அவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போகிறவர், தமக்குரிய இரண்டு நிமிஷத்தை வீணாக்குவதில்லை. நோயாளி தாளும் கையுமாக வருவதைக் கண்டு முகம் சுளிக்கும் வைத்தியர், அத்தாள் தமக்கும் நேரத்தை மிச்சமாக்குகிறது என்பதை உணர வேண்டும். (பெயர், விலாசம், ஆதார் எண் ஆகியவற்றை யந்திரத்திடம் கொடுக்க அவசியமில்லை.)

ஆயினும், கேள்வியைத் தயாரிப்பது வேறு, சிகிச்சையைத் தீர்மானிப்பது வேறு. உணவில் குளோரைடைக் குறைக்க விரும்பிய 60 வயது மனிதர் ஒருவர், சாட்ஜிபிடியைக் கேட்ட பின், உப்புக்குப் பதிலாகச் சோடியம் புரோமைடை மூன்று மாதம் உட்கொண்டார். அண்டை வீட்டார் தமக்கு விஷமிடுவதாகப் பிதற்றும் நிலையில் அவர் ஆஸ்பத்திரி சேர்ந்ததை, 2025-ம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் சர்வகலாசாலை வைத்தியர்கள் எழுதி வெளியிட்டார்கள். யந்திரம் நாடி பார்த்ததில்லை. அளவற்ற எழுத்துக்களைப் பயின்று, அடுத்து வரத்தக்க சொல் எதுவென்று கணித்துப் பேசுவது அது. சரியானதைச் சொல்லும் அதே உறுதியுடன் தவறானதையும் சொல்லும். கையெழுத்துச் சீட்டைப் படம் பிடித்துக் காட்டினால் மருந்தின் பெயரையே மாற்றி வாசிக்கவும் கூடும். ஆகையால் அதன் சொல்லை நம்பி ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தலாகாது, கூட்டலாகாது. மார்பு வலியோ, திடீரென வாய் கோணுதலோ கண்டால், யந்திரத்தோடு பேசிக்கொண்டிராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பின் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. தம் உடம்பைப் பற்றித் தம் ஊர் வைத்தியர் எழுதியதை அறிய, ஒரு தமிழ்க் கிழவர் அயல்நாட்டு யந்திரத்தை ஏன் நாட வேண்டும்? 1847-ம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். அந்நியர் ஒருவருக்கு அன்று முடிந்தது நம்மவருக்கு இன்று முடியாதா? மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாகவும், கூடுமானவரை பெரிய எழுத்திலும் எழுத வேண்டுமென்று 2016-ம் ஆண்டில் இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதி திருத்தப்பட்டது. ஆனால் அவ்வெழுத்து எம்மொழியில் என்பதைப் பற்றி நம் ஆஸ்பத்திரிகள் கவலை கொண்டதாகத் தோன்றவில்லை.

வீடு திரும்பும் நோயாளியின் கையில் கொடுக்கும் காகிதத்தில் ஒரு பக்கம் தமிழில் இருக்கட்டும்: எந்த மாத்திரை, எப்பொழுது, எதற்காக, என்ன நேர்ந்தால் உடனே திரும்பி வரவேண்டும். அப்பக்கத்தை யந்திரமே எழுதித் தந்தாலும் நமக்கு ஆட்சேபமில்லை. வைத்தியர் அதை ஒருமுறை வாசித்துக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் போதும்.