ஆதாயக் கொலை

தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் தம் வீட்டில் கொலையுண்டு கிடக்கிறார். கழுத்துச் சங்கிலியையும் காதுத் தோட்டையும் காணவில்லை. மறுநாள் செய்தித்தாள் இதனை ‘ஆதாயக் கொலை’ எனத் தலைப்பிட்டு வெளியிடுகிறது. காவல் துறையின் கணக்குகளிலும் இப்பெயரில் ஓர் இனம் உண்டு. ஆயினும், நேயர்கள் தண்டனைச் சட்டத்தை முதலிலிருந்து முடிவுவரை புரட்டிப் பார்த்தாலும் இப்படியொரு குற்றத்தை அதில் காண இயலாது. 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அது இல்லை. 2024 சூலை முதல் நாள் அதன் இடத்தைப் பெற்ற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை.

உலக வழக்கு ஒன்றாகக் காணும் செயலைச் சட்டம் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. உயிரைப் போக்கியது ஒரு குற்றம். பொருளைக் கவர்ந்தது மற்றொரு குற்றம். கொலைக்குப் பழைய சட்டத்தின் 302ஆம் பிரிவும், புதிய சட்டத்தின் 103ஆம் பிரிவும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கின்றன. பொன்னுக்காகக் கொன்றாலும் பகைக்காகக் கொன்றாலும் பெயர் ஒன்றே. இங்கிலாந்தில் நிலைமை நெடுங்காலம் வேறாக இருந்தது. வன்முறையோடு கொள்ளையிடுகையில் எவரேனும் இறந்துபட்டால், கொல்லும் எண்ணம் இல்லாதவனும் கொலைகாரனாகவே கருதப்பட்டான். 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் அவ்விதி அங்கு நீக்கப்பட்டது. நம் சட்டமோ தொடக்கத்திலிருந்தே, மரணத்தைக் குறித்து அவன் மனத்தில் இருந்த எண்ணம் அல்லது அறிவு என்ன என்று தனியே கேட்டு வந்திருக்கிறது. அது நல்ல முறை என்பதே என் கருத்து.

இனிப் பொருளின் பக்கம் வருவோம். களவு என்பது பிறர் ஒருவரின் கைவசத்திலிருந்து அவர் இசைவின்றிப் பொருளை நேர்மையற்ற எண்ணத்துடன் அகற்றுவது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. இறந்தவருக்குக் கைவசம் ஏது? சினத்தால் ஒருவரைக் கொன்றவன், அதன் பின்னரே அவர் விரலில் கிடக்கும் மோதிரத்தைக் கண்டு ஆசைப்பட்டு எடுத்தால், அதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. பழைய 404, புதிய 315: இறந்தவரின் உடைமையைக் கையாடல் செய்தல். தண்டனை மூன்றாண்டு வரை. எடுத்தவன் இறந்தவரின் எழுத்தராகவோ வேலைக்காரனாகவோ இருந்தால் ஏழாண்டு வரை.

அதே மோதிரத்தைக் கவர்வதற்காகவே அவன் தாக்கியிருந்தால் அது கொள்ளையாகிறது. களவு செய்வதற்காகவோ, செய்யும்போதோ, கொண்டு செல்லும்போதோ, ‘அதன்பொருட்டு’ மரணமோ காயமோ அச்சமோ விளைவித்தால்தான் களவு கொள்ளையாக உயரும். வழக்குகள் பல இந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடக்கின்றன. சங்கிலியைக் கைவிட்டு ஓடுகிறவன், தன்னைப் பிடிக்க வருபவர்மீது தப்பும் நோக்கத்தோடு மட்டும் கல்லெறிந்தால், அவ்வன்முறை பொருளுக்காக அன்று. ஆதலின் அது களவைக் கொள்ளையாக்காது. அந்தக் காயத்துக்கு அவன் தனியே விடை சொல்ல வேண்டும்.

அடுத்து எண்ணிக்கை. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்தால் அது கூட்டுக் கொள்ளை. உடனிருந்து உதவுகிறவனும் அந்த எண்ணிக்கையில் சேருவான். அவ்வாறு கொள்ளையிடும்போது அவர்களுள் ஒருவன் கொலை செய்தால், ஐவரும் மரண தண்டனைக்குரியவராகின்றனர். உள்ளே கத்தி பாய்ந்ததை வாசலில் காவல் நின்றவன் கண்ணாற் காணாதிருக்கலாம்; அவனுக்கும் அதே பிரிவுதான். மரணமோ ஆயுளோ விதிக்காவிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவல் என்றது பழைய 396ஆம் பிரிவு. புதிய 310ஆம் பிரிவோ பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல் என்கிறது. பழைய உச்சவரம்பு இன்று அடிவரம்பாகிவிட்டது!

நால்வராயின் இப்பிரிவு பொருந்தாது. கொல்லுவது மற்ற மூவருக்கும் பொதுவான கருத்தாக இருந்ததென்று அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். இரவில் வீடு புகுந்த வழக்குகளில் மட்டும், கூடச் சென்ற அனைவரையும் ஆயுள் தண்டனை வரை கொண்டு செல்லும் தனி விதி உண்டு. குற்றஞ்சாட்டப்பட்ட ஐவருள் ஒருவன் விடுதலையாகி, அடையாளம் தெரியாத வேறு எவரும் கூட்டத்தில் இருந்ததாகவும் தெரியாவிட்டால், எஞ்சிய நால்வர்மீது கூட்டுக் கொள்ளைக் குற்றமே நிற்பதில்லை.

இத்தகைய கொலைகளில் கண்ட சாட்சி கிடைப்பது அரிது. பெரும்பாலும் அடகுக் கடையிலோ மண்ணுக்கடியிலோ கிடைக்கும் நகையே சாட்சி. களவு நடந்த சில நாளில் அப்பொருள் ஒருவனிடம் இருந்து, அவன் தக்க விளக்கம் தராவிட்டால், அவனே கள்வன் அல்லது தெரிந்தே களவுப் பொருளைப் பெற்றவன் என நீதிமன்றம் அனுமானிக்கலாம். அந்த அனுமானத்தைக் கொலைவரை நீட்டலாமா? கொலையும் கொள்ளையும் ஒரே நிகழ்ச்சியின் கூறுகளென்று நிறுவப்பட்டால், கொலைக்கும் அது சான்றாகும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1890ஆம் ஆண்டிலேயே கூறியது.

உச்ச நீதிமன்றத்தின் முன் இரு வழக்குகள் வந்தன. இராஜஸ்தானத்தில் கோயிலொன்றில் வாழ்ந்த மகந்த் ஒருவரும் அவருடன் இருந்தவரும் கொல்லப்பட்டனர். அவர்களுடைய பொருள் சில குற்றஞ்சாட்டப்பட்டவர்களிடமிருந்து மீட்கப்பட்டன. வேறு சான்று இல்லை. கொலைத் தீர்ப்பு நிற்காதென்று நீதிமன்றம் தள்ளிக் களவுக்கு மட்டுமே தண்டித்தது. உத்தரப் பிரதேச வழக்கிலோ, சரக்குடன் ஒருவனது வண்டியில் ஏறிச் சென்றவர் ஊர்போய்ச் சேரவில்லை. சரக்கு வண்டிக்காரனிடம் கிடைத்தது. கடைசியாகக் கூட இருந்தவன் அவனே என்பது சேர்ந்ததனால் கொலைக்குற்றம் உறுதியாயிற்று. நகை மட்டும் கிடைத்த வழக்கில் கயிறு அறுந்தது. நகையோடு வேறொன்றும் இணைந்த வழக்கில் அது இறுகியது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் வழக்கம் வழக்கறிஞரிடையே இன்றும் இருக்கிறது.

2024 சூலைக்கு முன் நிகழ்ந்த குற்றங்கள் பழைய சட்டப்படியே விசாரிக்கப்படுகின்றன. ஆதலின் நீதிமன்றங்களில் 396 என்ற எண்ணும் 310 என்ற எண்ணும் இன்னும் சில ஆண்டுகள் அடுத்தடுத்து ஒலித்துக்கொண்டிருக்கும்.