கோதுமை இருக்கிறது, சம்பளம் இல்லை

போர் நடக்கும் நாட்டில் மக்கள் பசியால் வாடுகிறார்கள் என்ற செய்தியைப் படித்தவுடன், அங்கே உணவுப் பொருள் தீர்ந்துவிட்டது என்றே நாம் முடிவு செய்துகொள்கிறோம். கப்பல் கப்பலாகக் கோதுமை அனுப்பினால் துயர் தீரும் என்றும் நம்புகிறோம். யேமனின் அனுபவம் இந்த நம்பிக்கை பாதி உண்மையே என்பதைக் காட்டுகிறது.

1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், ஒரு நாட்டில் உணவு இருப்பது வேறு, அதைப் பெறும் வலிமை மக்களிடம் இருப்பது வேறு என்று 1981-இல் வெளியான தமது நூலில் விளக்கினார். இதை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கற்பித்தேன். கடந்த காலத்தின் பாடமாகவே கற்பித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

யேமன் தனக்குத் தேவையான கோதுமையில் ஏறத்தாழ 90 சதவீதத்தை இறக்குமதி செய்யும் நாடு. அதில் பெரும்பகுதி ஹுதைதா துறைமுகம் வழியாகவே வந்தது. 2015 ஆகஸ்டில் வான்வழித் தாக்குதலில் அத்துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் நொறுங்கின. உலக உணவுத் திட்டத்தின் நான்கு மாற்றுப் பாரந்தூக்கிகள் 2018 ஜனவரியில்தான் அங்கு வந்து சேர்ந்தன.

இது கண்ணுக்குத் தெரிந்த தாக்குதல். கண்ணுக்குத் தெரியாத தாக்குதல் 2016 செப்டம்பரில் நிகழ்ந்தது. அன்றைய அதிபர் ஹாதி, மத்திய வங்கியின் தலைமையகத்தை ஹூதிகள் வசமிருந்த சனாவிலிருந்து ஏடனுக்கு மாற்றினார். வங்கி இரண்டானது. சுமார் 12 லட்சம் அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் நின்றுபோனது. ஆசிரியர்கள், செவிலியர்கள், குடிநீர்ப் பணியாளர்கள் என அத்தனை பேரும், அவர்களை நம்பியிருந்த குடும்பங்களும் கடையில் மாவு மூட்டை இருந்தும் வாங்க வழியின்றி நின்றனர்.

மாதம் தவறாமல் ஓய்வூதியம் பெறும் எனக்கு, அது ஆறு மாதம் வராவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. அங்கே பலருக்கு ஆண்டுக்கணக்கில் வரவில்லை.

நாணயமும் பிளவுபட்டது. ஏடனில் அச்சிட்ட புதிய தாள்கள் செல்லாது என்று ஹூதிகள் 2019 இறுதியில் அறிவித்தனர். போருக்கு முன் ஒரு டாலருக்குச் சுமார் 215 ரியாலாக இருந்த மதிப்பு, ஏடன் பகுதியில் 2025 ஜூலையில் 2,500-ஐத் தாண்டியது. இறக்குமதியை நம்பி வாழும் நாட்டில் நாணயத்தின் வீழ்ச்சி நேரே அடுப்படியைத்தான் தாக்கும்.

போரால் 2021 இறுதிக்குள் 3,77,000 பேர் உயிரிழந்திருப்பர் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் குண்டுகளால் அன்றி, பசி, நோய் போன்ற மறைமுகக் காரணங்களால் மாண்டவர்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? உலக வங்கியின் நிதியுதவியுடன் யுனிசெஃப் 2017-இல் தொடங்கிய ரொக்க உதவித் திட்டம் ஒரு வழியைக் காட்டியது. போருக்கு முந்தைய சமூக நல நிதியின் பயனாளிகள் பட்டியலைக் கொண்டே, சுமார் 15 லட்சம் குடும்பங்களுக்கு அது பணம் வழங்கியது. ஆனால் துறைமுகம் மூடிக் கிடக்கும்போது பணம் மட்டும் கொடுத்தால் விலைதான் ஏறும். சரக்கு வரும் வழியும் வாங்கும் பணமும் சேர்ந்தே கிடைக்க வேண்டும்.

குடிமக்களைப் பட்டினி போடுவதைப் போர் முறையாகக் கையாள்வதை ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2018 மே மாதம் 2417-ஆம் தீர்மானத்தில் கண்டித்தது. சம்பளத்தை நிறுத்துவதும் நாணயத்தை முடக்குவதும் அதே விளைவைத் தருகின்றன என்பதை உலகம் இன்னும் உரிய அளவில் உணரவில்லை. 2023 டிசம்பரில் ஐ.நா. தூதர் அறிவித்த அமைதித் திட்டத்தில், அரசு ஊழியர் அனைவருக்கும் சம்பளம் வழங்குவதும் இடம்பெற்றிருந்தது. செங்கடல் மோதல்களால் அது நடைமுறைக்கு வராமல் தேங்கிப்போனது.

நிவாரண மூட்டை ஒரு குடும்பத்தைச் சில வாரங்கள் காக்கும். சம்பளம் அக்குடும்பத்தைக் கையேந்தாமல் காக்கும். போர் நிறுத்தப் பேச்சில் சம்பளமும் துறைமுகமும் நாணயமும் கடைசிப் பக்கத்தில் அல்ல, முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.