மெட்டு மலையேறிய வழி

கொல்லிமலையின் குண்டனி நாட்டில் இன்று ஒரு பிள்ளை வயலின் கற்கத் தொடங்கினால், அதற்குப் பிடித்த சினிமாப் பாட்டைத் தேடி எடுக்க அரை நிமிடம் போதும். கைப்பேசியில் படத்தின் பெயரைச் சொன்னால் பாட்டு வரும். அதே பாட்டை வயலினில் வாசித்துக் காட்டும் காணொளியும் கூடவே வரும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பாட்டு வேண்டுமென்றால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க வேண்டும். கீழே கேசட் கடையில் துண்டுச்சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டு, பதிவாகும் வரை காத்திருக்க வேண்டும். அறுபது நிமிட நாடாவில் ஏறக்குறைய பன்னிரண்டு பாட்டு அடங்கும். எந்தப் பன்னிரண்டு என்று யோசித்து யோசித்துத்தான் சீட்டு எழுதுவார்கள்.

அதற்கும் முன்னால் வானொலிதான். திருச்சி நிலையம் 1939-இல் தொடங்கியது. ஆனால் 1952-இல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தரக்குறைவாகக் கருதி அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கிவிட்டார். தமிழ்நாட்டின் வீடுகள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பின. பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரில் பாட்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் ஒரு முறை கேட்கலாம். அடுத்த முறை வரும்வரை வாயில் முணுமுணுத்துக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும்.

வயலின் இந்த மலையில் பிறந்த வாத்தியம் அல்ல. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் கொடையைச் சங்கப் புலவர் வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டில் முழவும் யாழும் தூம்பும் எல்லரியும் ஆகுளியும் பதலையும் வருகின்றன. வில்லால் இழைக்கும் கருவி எதுவும் இல்லை. சமவெளிக்கே வயலின் வந்து இருநூறு ஆண்டுதான் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக்கொண்டார். அப்போது கோட்டையில் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகள் அண்ணன் காதிலும் விழுந்தன. அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் சொல்கிறோம். சுமார் நாற்பது உருப்படிகள், எல்லாம் சங்கராபரணத்தின் நேர் ஸ்வரங்களில். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டிலும் ஒன்று உண்டு. அவற்றில் சிலவற்றை ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-இல் அச்சிலும் ஏற்றினார்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளை சினிமாப் பாட்டு வாசித்தால் சங்கீதம் கெட்டுப்போகும் என்று சொல்லும் ஆசிரியர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் வயலின் நம் கைக்கு வந்தபோதே தெருவில் கேட்ட மெட்டும் உடன் வந்துவிட்டது. கமகம் குறைந்த அந்த நேர் ஸ்வரங்கள் பிஞ்சு விரலுக்கும் வில்லுக்கும் இதமானவை. அதனால்தான் நோட்டுஸ்வரம் இன்றும் குழந்தைகளின் பாடமாக நீடிக்கிறது.

சென்ற தலைமுறைக்குச் சங்கீதத்தையும் தெரு மெட்டையும் இணைத்துக் காட்டியவர் குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008). கோயில் திருவிழா மேடையில் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு அமர்ந்து கீர்த்தனையும் வாசிப்பார், கூட்டம் கேட்ட சினிமாப் பாட்டையும் வாசிப்பார். வயலின் பேசும் என்று கிராமத்துப் பிள்ளைகள் தெரிந்துகொண்டது அவர் கையால்தான். 1981-இல் ‘ராஜபார்வை’யில் கமல்ஹாசன் பார்வையற்ற வயலின் கலைஞராக வந்தார், 1986-இல் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் கேசட்டாக வீடுகளுக்குள் வந்தது. இவற்றைக் கேட்டு வில்லெடுக்க ஆசைப்பட்டவர்களுக்கு அன்று கிடைத்தது பெரும்பாலும் முழு அளவு வயலின். கழுத்து எட்டாது, நான்காம் விரல் நீளாது. இன்று ஆறு வயதுக்குக் கால் அளவு, எட்டு வயதுக்கு அரை அளவு என்று தபாலில் வருகிறது. சுருதி சேர்க்கவும் கைப்பேசியே உதவுகிறது. கேசட்டின் வேகத்தைப் பாதியாக்கினால் சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிப் பாட்டு கரகரக்கும். இப்போது வேகத்தை முக்கால், பாதி என்று குறைத்தாலும் சுருதி அசைவதில்லை. கடினமான ஒரு பிருகாவை நிதானமாகப் பிரித்துக் கேட்க முடிவது சிறிய வரமல்ல. இந்த வசதி இல்லாமல் கற்றவர்களின் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இழப்பும் இருக்கிறது. ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி, பிள்ளை வாசிக்கப்போகும் சில பாட்டுகளையே வீட்டில் தினமும் ஒலிக்க விடுங்கள் என்று பெற்றோரிடம் வற்புறுத்தினார். தாய்மொழி காதில் ஏறுவதுபோல் மெட்டும் ஏற வேண்டும் என்பது அவர் முறை. ஒரே ஒரு கேசட் இருந்த வீட்டில் இது யாரும் சொல்லாமலே நடந்தது. வேறு நாடா இல்லாததால் அந்தப் பன்னிரண்டு பாட்டும் திரும்பத் திரும்ப ஓடின. இடையிசையில் வயலின் எங்கே நுழைகிறது, எங்கே புல்லாங்குழலுக்கு வழிவிடுகிறது என்பதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பிள்ளை தந்தியில் ஸ்வரத்தைத் தடவித் தேடும்போது, அடுப்படியிலிருந்தே அம்மா தப்பு என்று சொல்லிவிடுவார். கேள்வி ஞானம் அப்படித்தான் வளர்ந்தது. இன்று காணொளியில் ஸ்வர எழுத்துகள் திரையிலேயே ஓடுகின்றன. பிள்ளை எழுத்தைப் பார்த்து விரலை வைக்கிறது. காது வேலையில்லாமல் இருக்கிறது. ஒரு பாட்டு கைக்கு வருமுன் அடுத்தது வந்து நிற்கிறது. பல வீடுகளில் காதொலிப்பான் மாட்டியிருப்பதால் பிள்ளை கேட்கும் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கே தெரிவதில்லை.

ஆசிரியருக்கான தூரமும் அவ்வளவாகக் குறையவில்லை. வயலின் சொல்லித்தரும் அரசு இசைப்பள்ளிகள் சேலத்திலும் கரூரிலும் திருச்சியிலும் இருக்கின்றன. குண்டனி நாட்டுப் பிள்ளைக்கு மூன்றும் மலைக்குக் கீழே. வில், தந்திகளைத் தாங்கும் குதிரையின் பக்கம் சாய்ந்து கீச்சிடும்போது மணிக்கட்டைப் பிடித்துத் திருத்த ஒரு கை வேண்டும். காணொளி அழைப்பில் ஆசிரியர் அதைப் பார்க்க முடிகிறது, தொட முடியவில்லை.

ஆகவே எந்தப் பாட்டு என்ற கேள்வி முன்னைவிட இப்போது முக்கியமாகிறது. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை முடித்த பிள்ளைக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஸ, ப என்று சுருதி கூட்டிய இரு தந்திகளில் ஸ ரி க ம-வுக்கு விரல் விழும் அதே இடங்களில்தான் ப த நி ஸ-வுக்கும் விழும். ‘எங்க ஊரு பாட்டுக்காரன்’ (1987) படத்தின் மரிக்கொழுந்துப் பாட்டும், ‘தேவர் மகன்’ (1992) படத்தின் அம்மன் பாட்டும் அந்த ராகத்தில் அமைந்தவை. ஐந்து ஸ்வர மோகனத்துக்கு ‘பத்ரகாளி’ (1976) படத்தின் தாலாட்டு இருக்கிறது. மூன்றும் இளையராஜா மெட்டு. முதலில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு மாதம் வீடு முழுக்கக் கேட்க ஓட விட்டு, பிறகு திரையை அணைத்துவிட்டு முதல் அடியைப் பிள்ளை தானே தந்தியில் தேடட்டும். அது தடவித் தடவி ரிஷபத்தைக் கண்டுபிடிக்கும்வரை அருகில் உட்கார்ந்திருக்க வீட்டில் ஒருவருக்கு நேரம் இருக்க வேண்டும்.