கத்தாத மெஷினை நம்பலாமா?

தென்காசிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சாரல் ஆரம்பித்ததும் அவருடைய அப்பா ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருக்கிறார். நெடுநாள் சர்க்கரை. பாறையில் கால் கிழிந்தது அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து வேட்டியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து, ‘வேக்’ என்ற உறிஞ்சு மெஷினைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மெஷின் வாடகைக்கு. முதல் மூன்று ராத்திரி ‘லீக்’, ‘லீக்’ என்று கத்தி வீட்டில் ஒருவரையும் தூங்கவிடவில்லை. இப்போது இரண்டு நாளாகச் சத்தமே இல்லை. “மெஷின் செட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறோம், சரிதானே சார்?” என்று கேட்கிறார். கூடுதல் வாடகைக்கு ஏ.ஐ. மெஷின் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார், எடுக்கலாமா என்று இன்னொரு கேள்வியும் இருக்கிறது.

முதல் கேள்விக்குப் பதில்: செட்டாகியும் இருக்கலாம், குழாய் அடைத்தும் இருக்கலாம். பல மெஷின்களுக்கு இந்த இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வேக் என்பது பெரிய மர்மமில்லை. புண்ணின் பள்ளத்தில் ஸ்பான்ஞ், அதன்மேல் ஒட்டுப்படலம், படலத்தில் ஓட்டை போட்டு ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் கேனிஸ்டர், அதற்கப்பால் பம்பு. வெளிக்காற்றைவிட உள்ளே 125 மி.மீ. பாதரசம் குறைவாக இருக்கும்படி பம்பு பார்த்துக்கொள்கிறது. கசியும் நீர் கேனிஸ்டரில் சேரும், வீக்கம் வடியும், புண்ணின் விளிம்புகள் உள்நோக்கி வரும்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1980-களில் சோவியத் மருத்துவர்கள் இதைச் செய்துபார்த்திருக்கிறார்கள். ஆனால் பெயரும் காசும் போய்ச் சேர்ந்தது அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே லூயிஸ் ஆர்ஜென்டாவும் மைக்கேல் மாரிக்வாஸும் பன்றிகளில் சோதித்து, 125-இல் ரத்த ஓட்டம் நான்கு மடங்காகிறது என்று 1997-இல் எழுதினார்கள். பன்றியிடம் கேட்டு முடிவான அந்த எண்தான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. பிற்பாடு கேப் டவுனில் அளந்தவர்கள், ஸ்பான்ஞுக்கு அடியில் இருக்கும் திசு உண்மையில் நசுங்கத்தான் செய்கிறது என்று கண்டு அந்த நான்கு மடங்கையே சந்தேகத்துக்குள்ளாக்கினார்கள். சண்டை ஓயவில்லை, நாம் மெஷினுக்கு வருவோம்.

பாவூர்சத்திரம், கடையம் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் ஓட்டியவர்களுக்கு இந்த மெஷினை விளக்கவே வேண்டாம். உறிஞ்சு குழாயில் ஒரு ஜாயின்ட் விட்டுப்போனால் மோட்டார் ‘ஏர் இழுக்கும்’. தண்ணீர் விட்டு விட்டுத் துப்பும், சத்தம் மாறும். வேக் மெஷினின் ‘லீக்’ அலாரமும் அதேதான். கால் விரல் இடுக்கில், குதிகாலின் வளைவில், வியர்த்த தோலில் படலம் ஒட்டாது. சாரல் காலத்து ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். வார்டில் சிஸ்டர்கள் டிங்ச்சர் பென்சாயினைத் தடவிக் காய்ந்த பிறகு ஒட்டுவது இதற்காகத்தான்.

எவ்வளவு கசிகிறது என்பதைப் பெட்டி தெரிந்துகொள்ளும் விதம் அழகானது. பம்பைச் சற்று நிறுத்திவிட்டு, உள்ளழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்தால் போதும். கேனிஸ்டரும் குழாயுமாக 500 மி.லி. காற்று இருக்கிறதென்று வையுங்கள். ஒரு நிமிடத்தில் 10 மி.மீ. ஏறினால், 500-ஐ 10-ஆல் பெருக்கி 760-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஆறரை மி.லி. கசிவு. ஆனால் கேனிஸ்டர் பாதி நிறைந்து காற்றின் இடம் 250 மி.லி. ஆகிவிட்டால், அதே கசிவுக்கு அழுத்தம் இரண்டு மடங்கு வேகத்தில் ஏறும். கேனிஸ்டர் நிறைவதைக் கணக்கில் எடுக்காத மெஷின், சாயங்காலமானால் ‘லீக் அதிகமாகிவிட்டது’ என்று அலறும். புண்ணில் ஒரு மாற்றமும் இருக்காது.

மின்சாரத்தைத் தின்பதும் இந்தக் கசிவுதான். அமெரிக்க எம்.ஐ.டி.யில் டேனியல் ஜூரோவ்சிக் என்ற மாணவி பிடித்த விஷயம் இது: கசிவை அடைத்துவிட்டால் பம்புக்கு வேலையே இல்லை. கையால் அமுக்கிவிட்டால் மெல்ல விரியும் பிளாஸ்டிக் துருத்தி ஒன்றைச் சுமார் 3 டாலர் செலவில் செய்து, 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டிக்குக் கொண்டுபோனார். பேட்டரி, திரை எதுவும் அதில் கிடையாது. விளம்பரமும் அவ்வளவாக இல்லை.

கசிவு அலாரம் எரிச்சல்தான், ஆனால் யோக்கியமானது. மோசக்காரன் அடைப்பு. கிணற்றுக் குழாயின் வாயில் இலைதழை அடைத்துக்கொண்டால் மோட்டார் திணறும் என்றுதான் நினைப்போம். உண்மையில் தள்ளத் தண்ணீர் இல்லாததால் லேசாக, சுகமாக ஓடும். கரண்டும் குறைவாகத்தான் இழுக்கும். அனுபவஸ்தர் மோட்டாரைப் பார்க்க மாட்டார், தொட்டியில் விழும் தண்ணீரைப் பார்ப்பார். வேக் மெஷினுக்கு அந்தத் தொட்டி கிடையாது. படலம் கச்சிதமாக ஒட்டியிருந்தால் காற்று வராது. குழாய் அடைத்திருந்தாலும் காற்று வராது. அழுத்தத்தை அளக்கும் சென்சார் பம்புக்குப் பக்கத்திலேயே இருந்தால், அடைப்புக்கு இந்தப் பக்கம் 125 கம்பீரமாக நிற்கும். திரையில் பச்சை எரியும். புண்ணில் இருப்பதோ பூஜ்யம்.

நம் வாசகரின் வீட்டு வரிசையை இப்போது திரும்பப் பாருங்கள். மூன்று ராத்திரி லீக், பிறகு திடீர் அமைதி. கசிவு வழியே ஓயாமல் போகும் காற்று குழாயில் நிற்கும் நீரை உலர்த்துகிறது. ரத்தம் கலந்த கசிவு கெட்டிப்பட்டுக் குழாயில் படிகிறது. ஒரு கட்டத்தில் குழாய் அடைத்துக்கொள்கிறது. உடனே லீக் அலாரம் நின்றுவிடுகிறது, ஏனென்றால் ஓட்டை இப்போது அடைப்புக்கு அந்தப் பக்கம். ஒரு பழுது இன்னொன்றை மூடிவிட்டது! கேனிஸ்டர் மாற்றும்போது போட்ட கிளாம்பைத் திறக்க மறந்தாலும் நடப்பது இதேதான்.

இதற்கு எஞ்சினியர்கள் கண்ட வழிதான் எனக்குப் பிடித்தது. படலத்தைச் சிரமப்பட்டு ஒட்டி, கசிவையெல்லாம் அடைத்த பிறகு, புண்ணுக்குப் பக்கத்தில் அவர்களே ஒரு சிறு ஓட்டை போட்டார்கள். வடிகட்டி வைத்த, அளவு தெரிந்த ஓட்டை. அதன் வழியே எப்போதும் கொஞ்சம் காற்று உள்ளே வந்து குழாய் முழுக்கப் பயணம் செய்து பம்பைச் சேர வேண்டும். பம்பு அந்தக் காற்றை எண்ணுகிறது. அளவுக்கு மேல் வந்தால் கசிவு. வராமலே போனால் அடைப்பு. ஓட்டையே இல்லாதவரை ஒன்றுபோலத் தெரிந்த நல்ல ஒட்டுதலும் அடைப்பும் இப்போது பிரிந்துவிடுகின்றன. அந்த வடிகட்டியே அடைத்துக்கொண்டால் மெஷின் வீணாகக் கத்தும். அது நல்ல பக்கத்துத் தவறு.

அந்த ஓட்டை இன்னொரு வேலையும் பார்க்கிறது. நல்ல கிணற்று மோட்டாரே நடைமுறையில் 25 அடிக்குக் கீழிருந்து இழுக்கத் திணறும் அல்லவா? 125 மி.மீ. பாதரசம் தூக்கக்கூடிய தண்ணீரின் உயரம் வெறும் 1.7 மீட்டர். குழாயில் நீர் நிறைந்து நிற்க, கேனிஸ்டரைப் புண்ணைவிட ஒரு மீட்டர் உயரத்தில் கம்பியில் மாட்டிவைத்தால், 73 மி.மீ. அந்த நீரைத் தூக்கவே போய்விடும். புண்ணுக்குக் கிடைப்பது ஐம்பத்துச் சொச்சம். அடைப்பே இல்லாத அடைப்பு இது. ஓட்டை வழியே வரும் காற்று, நீர்த்தூணைத் துண்டு துண்டாக உடைத்து எடையைக் குறைக்கிறது. கம்ப்ரசர் போட்ட போர் வைத்திருப்பவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மெல்லிய குழாயில் காற்றைக் கீழே அனுப்பி, பெரிய குழாயில் தண்ணீரைப் பொங்கி வரச் செய்வது அவர்களுக்குத் தினசரி வேலை. அந்த மெல்லிய குழாய்க்கும் இங்கே அண்ணன் தம்பி உண்டு. சில மெஷின்களின் குழாய்க்குள் தனி அறை ஒன்று இருக்கிறது, நீர் எடுக்காமல், புண்ணருகே இருக்கும் அழுத்தத்தை மட்டும் பெட்டிக்குச் சொல்ல. (ஒப்பீடு இதற்குமேல் ஓடாது. கிணற்றில் நாம் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம். இங்கே தண்ணீர் வருவது குறைந்துகொண்டே போக வேண்டும்.)

ஏ.ஐ.க்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரே ஒரு சென்சார், அதுவும் பெட்டிக்குள், ஓட்டையும் இல்லை, தனி அறையும் இல்லை என்றால், எந்தக் கம்ப்யூட்டர் மூளையாலும் அடைப்பையும் நல்ல ஒட்டுதலையும் நிச்சயமாகப் பிரிக்க முடியாது. அந்தத் தகவல் அதற்கு வந்து சேரவே இல்லை. கடைக்காரரிடம், அழுத்தத்தை எங்கே அளக்கிறது, பெட்டியிலா புண்ணருகிலா என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் தெரியாதவரிடம் ஏ.ஐ.க்குக் காசு கொடுக்க வேண்டாம்.

சிகிச்சையைப் பற்றியே நிதானமாகப் பேசுவது நல்லது. பாதி பாதம் எடுக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகள் 162 பேரிடம் நடந்த சோதனையில், 16 வாரத்தில் வேக் போட்டவர்களில் 56 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 39 சதவீதத்தினருக்கும் புண் ஆறியது. 2005-இல் ‘லான்செட்’டில் வந்தது, செலவு மெஷின் கம்பெனியுடையது. எலும்பு முறிந்து வெளியே தெரிந்த கால் காயங்களுக்கு பிரிட்டனில் 460 பேரிடம் பார்த்து 2018-இல் வெளியிட்ட சோதனையில், ஓராண்டு கழித்து உடல் இயலாமையின் அளவில் வித்தியாசமே இல்லை. எல்லாப் புண்ணுக்கும் சஞ்சீவி என்று யாராவது சொன்னால் சற்றுச் சந்தேகத்தோடு கேளுங்கள்.

பழுதைக் கண்டுபிடிப்பது இந்தப் பக்கத்தில் ஏன் முக்கியம் என்பதற்கு ஆய்க்குடி வரை போனால் போதும். கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து தண்டுவடம் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கே இருக்கிறது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் தீராத எதிரி படுக்கைப் புண். நெடுநாள் சர்க்கரைக் காலைப் போலவே, அந்த இடத்திலும் உணர்ச்சி இருக்காது. உறிஞ்சுகிறதா, நின்றுவிட்டதா என்று புண்ணுக்கு உரியவரால் சொல்ல முடியாது. ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உறிஞ்சாமல் கிடந்தால் டிரெஸ்ஸிங்கைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது விதி. நனைந்த ஸ்பான்ஞை மூடிவைத்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். கரண்டு போய் பேட்டரியும் தீர்ந்த ராத்திரிக்கும் இதே கணக்குதான்.

ஆகவே பச்சை விளக்கை விட்டுவிட்டு ஸ்பான்ஞைப் பாருங்கள். சுருங்கி உள்ளே இறங்கி, தொட்டால் விறைப்பாக இருக்க வேண்டும். உப்பி மெத்தென்றிருந்தால் திரையில் என்ன எண் இருந்தாலும் உறிஞ்சவில்லை. கிளாம்புகள் திறந்திருக்கின்றனவா, குழாய் காலுக்கடியில் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கேனிஸ்டரின் மீது பேனாவால் கோடு போட்டு மணி எழுதுங்கள். கேனிஸ்டரைச் சாய்த்து வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் வடிகட்டி நனைந்துவிட்டால் பாதிகூட நிறையாதபோதே ‘ஃபுல்’ என்று சொல்லும். ஸ்பான்ஞ் உப்பியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

மெஷின் ஒரு குறையுமில்லாமல் வேலை செய்வதே ஆபத்தாகும் நேரமும் உண்டு. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2009-இல் ஓர் எச்சரிக்கை விட்டது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் இந்த மெஷின்களோடு தொடர்புடைய 6 மரணங்களும் 77 பாதிப்புகளும் அதில் பதிவாகியிருந்தன. 2011-க்குள் மொத்த மரணங்கள் 12 ஆயின. மிகக் கடுமையான பிரச்சினை ரத்தப்போக்கு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அபாயம் கூடுதல். ரத்தக்குழாய் ஒன்று திறந்துகொண்டால் மெஷின் அதைக் கசிவென்றோ அடைப்பென்றோ பார்க்காது. உறிஞ்சு என்றால் உறிஞ்சும், கேனிஸ்டர் நிறைந்த பிறகுதான் வாய் திறக்கும். குழாயில் பளிச்சென்ற சிவப்பு ஓடினால், அல்லது கேனிஸ்டர் சட்டென்று நிறைந்தால், அலாரத்துக்குக் காத்திருக்காமல் மெஷினை நிறுத்துங்கள். டிரெஸ்ஸிங்கைப் பிரிக்காமல் அதன் மேலேயே கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள்.